மழைமரத்தில் குடியேறிய பெரணி

சிங்கப்பூர்ச் சாலையோர மழைமரக் கிளைகளில் கூடைபோல் அமர்ந்திருக்கும் பறவைக்கூட்டுப் பெரணியை ஆதிக்காட்டின் எச்சம் என்று எண்ணத் தோன்றும். வரலாறு வேறு சொல்கிறது. மழைமரமே தென்னமெரிக்காவிலிருந்து 1876இல் இங்கு வந்து சேர்ந்தது. அதன்மேல் பெரணியை யாரும் நட வேண்டியிருக்கவில்லை. இலையின் அடிப்பக்கத்துப் பழுப்புக் கோடுகளிலிருந்து உதிரும் வித்துத்தூள் காற்றேறிப் போய்ச் சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கம்பீர்ச் செடித் தோட்டங்கள் மண்ணைச் சக்கையாக்கிக் கைவிட்ட நிலங்களில் ரெசாம் பெரணி படர்ந்ததும், பழைய கடைவீட்டுச் சுவர் வெடிப்புகளில் பெரணி முளைப்பதும் இப்படித்தான். மனிதன் குலைத்த இடத்தை முதலில் பிடித்துக்கொள்பவை இவை.

நிலக்கரிக் காலத்துக்கும் முந்திய குலம் புதுக்குடியாகுமா என்று கேட்கலாம். குலம் பழையதுதான், ஆனால் இன்றைய பெரணிகளில் பெரும்பாலானவை பூக்கும் தாவரங்கள் பெருகிய பிறகு, அவற்றின் நிழலில் கிளைத்தவை. விதையில்லாதது குறையல்லவா? வித்துத்தூள் முளைத்து உண்டாகும், நகத்தளவும் தேறாத பச்சைத் தகட்டில் ஆணணு நீரில் நீந்தித்தான் முட்டையை அடைய முடியும். வறண்ட சீமையில் அது பெருந்தடை. ஆண்டெல்லாம் மழை பெய்யும் சிங்கப்பூரில் அவ்வளவாகத் தடையில்லை. பெரணிகளைப் பற்றிய ஆய்வும் இங்கே வேரூன்றியது. 1949 வரை இங்குள்ள தாவரவியல் பூங்காவின் தலைவராயிருந்த ஹோல்ட்டம், ஜப்பானிய ஆட்சிக் காலத்திலும் ஆய்வை விடாமல் தொடர்ந்து, 1947இல் பெரணிகளுக்குப் புதிய வகைப்பாட்டை வெளியிட்டார். பெரணிகளைப் பழம்பொருளாகவே பார்த்தால் இந்நகரத்தின் வரலாற்றில் பாதி விடுபட்டுப்போகும்.