சுயேச்சை

சுய + இச்சை = சுயேச்சை. வடமொழிச் சொல், நேர்ப்பொருள் ‘தன் விருப்பம்’. கட்சி சாராத வேட்பாளரைக் குறிக்கும் சொல்லாக நமக்குப் பழக்கம்.

அமெரிக்க விபத்து இழப்பீட்டு வழக்குகளில் ‘இன்டிபெண்டன்ட் மெடிக்கல் எக்சாமினேஷன்’ என்றொன்று உண்டு. சுயேச்சை மருத்துவப் பரிசோதனை எனலாம். காயம்பட்டவருக்குச் சிகிச்சை தராத மருத்துவர் சோதித்து அறிக்கை தருவார். ஆனால், பெரும்பாலும் அவரைத் தேர்ந்தெடுத்துக் கட்டணம் கொடுப்பது எதிர்த்தரப்பு அல்லது அதன் காப்பீட்டு நிறுவனம்.

இத்தகைய சோதனைக்கு உத்தரவிடக் கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கு அதிகாரமில்லை என்றது 1891ஆம் ஆண்டு பாட்ஸ்ஃபோர்டு தீர்ப்பு. 1938இல் நடைமுறைக்கு வந்த உரிமையியல் நடைமுறை விதிகளில் 35ஆம் விதி வழிவிட்டது. அவ்விதியில் ‘சுயேச்சை’ என்ற சொல்லே இல்லை. வாதியின் வழக்கறிஞர்கள் இதை ‘எதிர்த்தரப்புச் சோதனை’ என்பார்கள். பொருளுக்குப் பொருந்துவது அதுதான்.