ஈயமும் முதுமைக்கால அறிவுத்திறன் வீழ்ச்சியும்

வாழ்நாள் முழுவதும் உடலில் சேரும் ஈயம் முதுமையில் நினைவாற்றல், கவனம், சொல்லாற்றல், கை-கண் ஒருங்கிணைப்பு ஆகியவற்றின் குறைவோடு தொடர்புடையது எனப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஈய நஞ்சு பெரும்பாலும் குழந்தைகளின் நலம் சார்ந்த சிக்கலாகவே பேசப்பட்டு வந்துள்ளது. முதியோரைப் பொறுத்தவரை, இன்று உட்செல்லும் ஈயத்தைவிடப் பல பத்தாண்டுகளுக்கு முன் உட்சென்ற ஈயமே முதன்மையானது.

எலும்பில் தங்கும் ஈயம்

ஈயம் வேதியியல் நடத்தையில் கால்சியத்தை ஒத்திருப்பதால் எலும்பில் எளிதில் படிகிறது. வளர்ந்தோர் உடலிலுள்ள ஈயத்தில் 90 விழுக்காட்டிற்கும் மேல் எலும்பிலும் பல்லிலுமே உள்ளது. குருதியில் ஈயத்தின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ ஒரு மாதம். கணைக்கால் எலும்பு போன்ற கெட்டியான எலும்புகளில் அது பல பத்தாண்டுகள். எனவே குருதிச் சோதனை அண்மைய தாக்கத்தையே பெரிதும் காட்டும். பழைய தாக்கத்தை அறிய, எலும்பின் மீது கதிர்களைச் செலுத்தி அளக்கும் ஊடுகதிர் உடனொளிர்வு முறை பயன்படுகிறது.

எலும்பு நிலையான கிடங்கு அன்று. மாதவிடாய் நின்றபின் எலும்பு தேயும்போது அதிலிருந்த ஈயம் மீண்டும் குருதியில் கலக்கிறது. அத்தகைய பெண்களின் குருதியில் ஈயம் கூடுதலாக இருப்பதை 1988இல் வெளியான ஐக்கிய அமெரிக்க ஆய்வொன்று காட்டியது.

ஈயம் வந்த வழி

1921இல் தாமசு மிச்லி, எந்திரத் தட்டொலியைத் தடுக்க நான்கெத்தில் ஈயம் உதவும் எனக் கண்டறிந்தார். 1923 முதல் அது பெட்ரோலில் கலந்து விற்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்கா சாலை ஊர்திகளுக்கு இதனை 1996இல் முற்றாகத் தடைசெய்தது. இந்தியாவில் 2000இலும், கடைசியாக அல்சீரியாவில் 2021இலும் இது நின்றது. ஆகவே அந்த ஆண்டுகளுக்கு முன் நகரங்களில் வளர்ந்தவர்கள் பழைய ஈயத்தை எலும்பில் சுமந்தபடியே முதுமை அடைகின்றனர். பழைய வண்ணப்பூச்சு, ஈயக் குழாய்கள், மின்கல மீட்புப் பட்டறைகள் ஆகியன பிற வழிகளாகும்.

ஆய்வுகள்

நான்கெத்தில் ஈய ஆலையொன்றின் முன்னாள் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வு 2000இல் வெளியானது. வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரும், எலும்பில் ஈயம் மிகுந்தோரின் அறிவுத்திறன் தொடர்ந்து குறைந்து வந்தது. தொழிற்சாலையைப் பாராத பொதுமக்களிடமும் இது காணப்பட்டதே குறிப்பிடத்தக்கது. பால்ட்டிமோர் நகரில் 50 முதல் 70 வயதினரை ஆய்ந்தபோது, எலும்பு ஈயம் குறைந்த மதிப்பெண்களோடு தொடர்புற்றது. குருதி ஈயம் அவ்வாறு தொடர்புறவில்லை (2006). பாசுட்டனில் 1963இல் தொடங்கிய முதுமை ஆய்விலும் ஒத்த முடிவுகள் கிடைத்தன.

குரங்குகளில் செய்த சோதனை இன்னும் வியப்பானது. பிறந்து முதல் 400 நாட்கள் மட்டும் ஈயம் ஊட்டப்பட்ட குரங்குகளின் மூளையில், 23 வயதில் ஆல்சைமர் நோய்க்குரிய புரத மாற்றங்கள் காணப்பட்டன (2008). எனினும் மனிதரில் ஈயம் ஆல்சைமர் நோயை உண்டாக்குகிறது என்பது நிறுவப்படவில்லை. கல்வி, வறுமை, வாழிடம் ஆகியன ஈயத்தோடு பின்னிக் கிடப்பதால் அவற்றின் பங்கைப் பிரித்தறிவது கடினம். மேலும், ஈயம் குருதி அழுத்தத்தை உயர்த்துகிறது. அதன் வழியாகவும் மூளை பாதிக்கப்படக்கூடும்.

மருத்துவம்

ஈயத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்துகள் கடும் நச்சேற்றத்திற்கே உரியவை. ஐக்கிய அமெரிக்காவில் 780 குழந்தைகளிடம் நடந்த மருந்தாய்வில் குருதி ஈயம் குறைந்தும் அறிவுத்திறன் மேம்படவில்லை (2001). இம்மருந்துகள் எலும்பு ஈயத்தை எளிதில் எட்டுவதில்லை. மருந்தை நிறுத்தியதும் குருதி அளவு மீண்டும் உயர்வதுண்டு.