ஃபெராரி முகம், டிராக்டர் எஞ்சின்

வாலாஜாபாத்துல பஸ் ஏறி ஒரகடம் வழியா தாம்பரம் வர்றப்போ வழியெல்லாம் கார் கம்பெனி போர்டுதான். ஆனா எனக்கு ஞாபகம் வர்றது, வண்டலூர் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டுல இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை. 1985இல் 'ஸ்டாண்டர்டு 2000' வந்தது அங்கிருந்துதான்.

அதன் உடம்பு 1976இல் இங்கிலாந்தில் வந்த ரோவர் எஸ்.டி.1. நெடுந்தூரத்தை சொகுசாவும் அசுர வேகத்துலயும் கடக்கன்னே செஞ்ச ஃபெராரி டேடோனாவைப் பார்த்துத்தான் அதை வடிவமைச்சாங்க. 3.5 லிட்டர் வி8 எஞ்சின், 155 குதிரைத்திறன், மணிக்கு சுமார் 200 கி.மீ. 1977இல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருதும் வாங்குச்சு.

நம்ம ஊருக்கு அந்த வி8 வரலைங்க! 1940கள்ல வந்த வேன்கார்டு எஞ்சினைக் கொஞ்சம் மாத்தி மாட்டினாங்க. 1991 சி.சி., வெறும் 83 குதிரைத்திறன். ஃபெர்குசன் டிராக்டர்லயும் இந்தக் குடும்பத்து எஞ்சின்தான்.

எஞ்சினை மட்டமா சொல்லிட முடியாது. 1953இல் டிரையம்ப் டி.ஆர்.2-ல இதே வகை எஞ்சின் 160 கி.மீ.யைத் தாண்டுச்சு. ஆனா அது ரெண்டே சீட்டு, குட்டி வண்டி. இதுவோ அஞ்சு பேர் உக்கார்ற பெரிய உடம்பு. நம்ம ரோட்டுக்காக உயரத்தையும் கூட்டிட்டாங்க. பெட்ரோலைக் குடிச்சது, வேகம் வரலை. அதுக்குள்ள மாருதி வேற வந்தாச்சு. 1988இல் உற்பத்தி நின்னு போச்சு.

ஓட்டிப் பார்த்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்களேன், மேட்டுல நிஜமாவே அவ்ளோ மூச்சு வாங்குமா? :-)