கொள்ளுப்பாட்டனாரின் எண்

தர்ப்பணம் செய்கிறவருக்குத் தகப்பனார், பாட்டனார், கொள்ளுப்பாட்டனார் என்று மூன்று தலைமுறைப் பெயர்கள் தெரிந்திருந்தால் போதும். அதற்கு அப்பால் போனவர்களைச் சாஸ்திரமே பெயர் சொல்லித் தொந்தரவு செய்வதில்லை. மற்றக் குடும்பங்களிலோ பேரனுக்குப் பாட்டன் பெயரை வைத்துவிடுகிறோம். இரண்டே பெயர்கள் ஏற்றக்கால் போல மேலும் கீழும் போய் வந்துகொண்டிருக்கும். தெரிந்தவர் யாரையாவது நிறுத்தி, "உம்முடைய கொள்ளுப்பாட்டனார் பெயர் என்ன ஐயா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் ராஜா கொடுத்த மானியத்தைப் பற்றியும், தேர் ஓட்டத்தில் கிடைத்த முதல் மரியாதையைப் பற்றியும் அரை மணி நேரம் பேசுவார். பெயர் மட்டும் வராது.

மேல் நாட்டில் இது ஒரு பெரிய தேட்டம். அமெரிக்காவில் ஃபோர்ட் வேய்ன் என்ற ஊரின் பொது நூல் நிலையம் 1961-இல் குடும்ப வரலாற்றுக்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கி, அதற்காகவே வெளியூர்க்காரர்கள் வண்டி பிடித்து வரும்படி செய்துவிட்டது. அந்த நாட்டில் ஜனத்தொகைக் கணக்கில் வீடு வீடாக எழுதிய தாள்களைப் பத்திரப்படுத்தி, எழுபத்திரண்டு ஆண்டு கழித்துப் பொது மக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். 1950-ஆம் வருஷத்துத் தாள்கள் 2022-இல் திறந்தன. நம் நாட்டில் தலைகளை எண்ணிய பிறகு எண்ணிக்கையை அச்சடித்து வைத்துக்கொண்டோம். பெயர் எழுதிய தாள்களை வைத்துக்கொள்ளவில்லை. ஆகவே இங்கே பாட்டனாரைத் தேடுகிறவன் வேறு வாசல்களில்தான் தட்ட வேண்டும். அப்படி ஒரு வாசலில் நான் நின்ற கதை இது.

தென் ஆப்பிரிக்காவில் டர்பன் நகரத்திலிருந்து ஓர் அம்மாள் வந்திருந்தார். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழில் 'அம்மா', 'ஆயா', 'சோறு' தெரியும்; மாரியம்மன் பாட்டு ஒன்று முழுவதும் தெரியும்; மற்றதெல்லாம் இங்கிலீஷ். ஒரு நண்பர் என்னிடம் அனுப்பி வைத்தார். கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதில் ஒரே ஒரு வரி. ஓர் எண், ஒரு பெயர், தகப்பன் பெயர், வயது 22, ஆண், சாதி, ஜில்லா, தாலூகா, கிராமம். கடைசியில், 'இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு'.

"என் கொள்ளுப்பாட்டனார்" என்றார்.

இந்த வரி எங்கே கிடைத்தது என்பதைச் சொல்ல வேண்டும். 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் வேலை செய்வதற்கு முதல் முதலாகப் போன ஜனங்கள் அதில் இருந்தார்கள். அதிலிருந்து 1911 வரைக்கும் நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நம் சென்னை ராஜதானிக்காரர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. ஒவ்வொருவருக்கும் கப்பல் பட்டியலில் ஒரு வரி உண்டு. டர்பனில் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த காந்தி - லுதூலி ஆவண நிலையத்தில் அந்தப் பட்டியல்களைப் பார்க்கலாம். எண் தெரிந்தால் நிமிஷத்தில் ஆளைப் பிடித்துவிடலாமாம். பெயர் மட்டும் தெரிந்தால் பெரும்பாடு. நம் முனுசாமி அங்கே மூன்சாமி, முதலியார் மூட்லி, கவுண்டர் கவெண்டர். பாட்டன் பெயர் பேரனுக்குக் குடும்பப் பெயராகி, ஊர் முழுவதும் மூன்சாமிகளாக இருந்தால் எந்த மூன்சாமி என்று கண்டுபிடிப்பது?

அந்த அம்மாளின் குடும்பம் ஒரு கௌரவமான பட்டத்தைத் தாங்கியிருக்கிறது. இங்கே நில புலம் உள்ளவர்கள் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்கிற பட்டம். தாளில் இருந்த சாதி அதுவல்ல. ஊருக்கு வெளியே சேரியில் வைத்திருந்தோமே, அவர்களுடைய சாதி. அவருடைய பெரியப்பா தாளைப் பார்த்துவிட்டு, "மடித்து உள்ளே வை, கலியாணத்துக்கு இருக்கிற பெண்கள் வீட்டில் உண்டு" என்றாராம். கடல் தாண்டி நூற்று நாற்பது வருஷம் ஆன பிறகும்! அம்மாள் மடித்துத்தான் வைத்தார். ஆனால் கைப்பையில் வைத்து, விமானம் ஏறிவிட்டார்.

முதலில் ஊரைக் கண்டுபிடிக்க வேண்டும். ஜில்லா வட ஆர்க்காடு. தாலூகா 'வாண்டிவாஷ்'. அம்மாள் அதை ஏதோ சலவைச் சோப்பின் பெயர் மாதிரி உச்சரித்தார். வந்தவாசி என்று நான் சொன்னதும் மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். 1760-இல் இங்கிலீஷ்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் அங்கே சண்டை போட்டதைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். அந்த ஊரிலிருந்து கப்பல் ஏறியவர்களைப் பற்றி ஒரு வரி படித்ததாக எனக்கு நினைவில்லை. இதற்குள் ஜில்லாவே மாறிவிட்டது. 1989-இல் வட ஆர்க்காட்டைப் பிரித்தபோது வந்தவாசி திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் தாளை வைத்துக்கொண்டு வேலூரில் போய் அலைவதற்குக் காரணம் இதுதான்.

கிராமத்தின் பெயர்தான் கஷ்டம். எழுதியவர் இங்கிலீஷ் எழுத்தில் காதால் கேட்டபடி எழுதியிருக்கிறார். அந்த எழுத்தில் லகரம், ளகரம், ழகரம் மூன்றும் ஒன்று. தகரமும் டகரமும் ஒன்று. குறில் நெடில் கிடையாது. கீழ், மேல் என்ற அடைமொழிகளை அவசரத்தில் விட்டிருக்கவும் கூடும். கன்னிமாரா நூல் நிலையத்தில் பழைய ஜில்லா மானுவலையும், கிராமங்களைத் தாலூகாவாரியாகப் போட்டிருக்கும் ஜனத்தொகைக் கையேட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்தோம். அந்த எழுத்துக்குப் பொருந்தக்கூடிய கிராமங்கள் மூன்று தேறின. ஒன்றுக்கொன்று பத்துப் பன்னிரண்டு மைல்.

பிறகு எழும்பூர். ரயில் நிலையத்துக்கு எதிரே சிவப்புக் கட்டடம். 1909-இல் ரிகார்டு ஆபீசுக்கென்று கட்டியது. இன்று தமிழ்நாடு ஆவணக் காப்பகம். கும்பினிக் காலத்தில் 1670 முதற்கொண்டு எழுதிய தஸ்தாவேஜுகள் அங்கே இருக்கின்றன. நமக்கு வேண்டியது அவ்வளவு பழையதல்ல. கொள்ளுப்பாட்டனார் கப்பல் ஏறியது 1870-களின் கடைசியில், தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டி. அந்தக் காலத்து ஸெட்டில்மெண்டு ரிஜிஸ்தர்களில் சர்வே நம்பர், நஞ்சையா புஞ்சையா, தீர்வை எவ்வளவு, பட்டாதார் யார் என்பதெல்லாம் கிராமம் கிராமமாக இருக்கும். தகப்பன் பெயரைத் தேடினால் மூன்றில் எந்த ஊர் என்று தெரிந்துவிடும் அல்லவா?

தெரியவில்லை. மூன்று ஊரிலும் அந்தப் பெயர் இல்லை. இருக்கவும் நியாயமில்லை. சர்க்கார் தீர்வை கட்டுகிறவனுக்குக் கணக்கு வைத்தது. மானியம் வைத்திருந்தவனுக்குக் கணக்கு வைத்தது. பிறர் நிலத்தில் பண்ணையாளாக உழுதவனுக்கு எந்த சர்வே நம்பரிலும் இடமில்லை. அவன் உழுத வயலுக்கு எண் இருக்கிறது, வரப்புக்கு அளவு இருக்கிறது, வயலோரத்துப் புளிய மரத்துக்குக்கூட வரி இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். ஊரிலேயே தங்கிவிட்ட அண்ணன் தம்பிகள் பஞ்சத்தில் செத்தார்களா, பிழைத்தார்களா, அவர்கள் பெயர் என்ன? ஒரு காகிதமும் இல்லை. ஊரை விட்டுப் போனவனுக்கு மட்டும் தகப்பன் பெயரோடு, வயதோடு, காலில் இருந்த தழும்போடு ஒரு வரி இருக்கிறது. தழும்பை எழுதி வைத்தது அன்பினால் அல்ல. தோட்டத்திலிருந்து ஓடிப்போனால் பிடிப்பதற்கு. ஆனாலும் அந்த மனிதன் உலகத்தில் இருந்தான் என்பதற்கு அதைத் தவிர வேறு சாட்சியம் இல்லை. எழுதிய குமாஸ்தாவுக்கு நன்றி சொல்வதா, சபிப்பதா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இதையெல்லாம் நான் அம்மாளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "பக்கத்து எண்களைப் பார்க்கலாமா?" என்று கேட்டார். டர்பன் நூல் நிலையத்தில் ஒரு பெண் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்: தனியாக யாரும் கப்பல் ஏறுவதில்லை, உங்கள் ஆள் கிடைக்காவிட்டால் உங்கள் ஆளுக்கு முன்னும் பின்னும் நின்றவர்களைத் தேடுங்கள் என்று. அதற்காகவே முன்னால் பத்து வரிகளும் பின்னால் பத்து வரிகளும் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

கொள்ளுப்பாட்டனாருக்கு அடுத்த எண் ஓர் இளைஞனுடையது. வயது 19. கிராமத்தின் பெயர் அதே எழுத்துக்கள். சாதி வேறு, குடியானவர். பஞ்சம் பட்டாதாரையும் விடவில்லை. இந்தப் பையனுடைய தகப்பன் பெயரை வைத்துக்கொண்டு மறுபடியும் ரிஜிஸ்தரைப் புரட்டினோம். முதல் ஊரில் இல்லை. இரண்டாவது ஊரில் இல்லை. மூன்றாவது ஊரில், மாலை நாலு மணிக்கு மேல், மூன்று ஏக்கர் சொச்சம் புஞ்சைக்கு எதிரே அந்தப் பெயர் இருந்தது. ஊர்ப் பெயருக்கு முன்னால் குமாஸ்தா விட்டுவிட்ட 'கீழ்' என்ற அடைமொழியும் இருந்தது.

அம்மாள் சர்வே நம்பரை எழுதிக்கொண்டார். பிறகு அந்தப் பத்தொன்பது வயதுப் பையனின் வரியை விரலால் தொட்டு, "ஊரில் ஒரே கிணற்றில் தண்ணீர் குடித்திருக்க மாட்டார்கள், இல்லையா?" என்று என்னைக் கேட்டார்.

"மாட்டார்கள்" என்றேன்.

"கப்பலில் ஒரே பீப்பாய்தான்" என்றார்.

மறுநாள் காலை வந்தவாசி பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டேன். பெரியப்பா மடித்து வைக்கச் சொன்ன தாளை விரித்து மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கிராமத்துப் பெண்ணிடம், தமக்குத் தெரிந்த நாலைந்து தமிழ் வார்த்தைகளில், தாம் எந்த ஊருக்குப் போகிறோம் என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்.