தூங்காத சிங்கம்: ‘இம்பூபே’ பாடலும் ‘நாட்டுப்பாடல்’ என்ற முத்திரையும்

ஜோகன்னஸ்பர்க்கில் எரிக் கல்லோ நடத்திவந்த ஒலிப்பதிவுக் கூடத்தில், 1939இல், ‘ஈவனிங் பேர்ட்ஸ்’ என்ற ஜூலு குழு ஒரு பாட்டை மூன்றாவது தடவையாகப் பதிவு செய்துகொண்டிருந்தது. கீழே அடிக்குரல்கள் ஒரே வரியை விடாமல் பிடித்திருக்க, மேலே குழுத்தலைவர் சாலமன் லிண்டா பொய்க்குரலில் சொல் ஏதுமின்றிச் சஞ்சரிக்கிறார். தட்டு முடியப்போகும் தறுவாயில் அவர் குரலிலிருந்து ஒரு மெட்டு புறப்படுகிறது. அதுவரை அந்தப் பாட்டில் அது இல்லை. யாரும் ஒத்திகை பார்த்ததும் இல்லை. உலகம் இன்று ‘தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்’ என்று முணுமுணுப்பது அந்தக் கடைசி விநாடிகளைத்தான்.

‘இம்பூபே’ என்றால் ஜூலுவில் சிங்கம். தட்டு ஏறக்குறைய பத்தாண்டுகளில் ஒரு லட்சம் பிரதி விற்றது. அந்த வகைக் குழுப்பாடலுக்கே ‘இம்பூபே’ என்று பெயர் நிலைத்தது. லிண்டாவோ அதே கல்லோ நிறுவனத்தின் தொழிற்சாலையில் தட்டுகளைப் பொட்டலம் கட்டும் வேலையில் இருந்தார். பாட்டுக்கு அவர் பெற்றதாகச் சொல்லப்படும் தொகை பத்து ஷில்லிங்.

இந்தக் கதையை வெள்ளையர் கறுப்பரை ஏமாற்றிய கதை என்று மட்டும் சொல்லி முடிப்பது வழக்கம். அது பொய்யல்ல, ஆனால் போதாது. ஏமாற்றுக்கு வழி திறந்துவிட்டது ஓர் இசையியல் சொல் என்பது இக்கட்டுரையின் வாதம். ‘நாட்டுப்பாடல்’ என்பதே அந்தச் சொல்.

நாட்டுப்பாடல் ஆய்வாளர் ஆலன் லோமாக்ஸ் வழியாகத் தட்டு பீட் சீகரின் கைக்கு வந்தது. சீகர் காதால் கேட்டே எழுதிக்கொண்டார். ‘நீ சிங்கம்’ என்று பொருள்படும் ‘உயிம்பூபே’ அவர் காதில் ‘விமோவே’ ஆனது. அவருடைய ‘வீவர்ஸ்’ குழு 1952இல் அதை அமெரிக்காவில் புகழ்பெறச் செய்தபோது, தட்டில் ஆக்கியோராக ‘பால் கேம்ப்பெல்’ என்ற பெயர் இருந்தது. அப்படி ஒருவர் கிடையாது. குழுவினர் மரபுப் பாடல்களுக்காக வைத்துக்கொண்ட பொதுப் புனைபெயர் அது. சீகர் கெட்ட எண்ணக்காரர் அல்லர். விஷயம் தெரிந்தபின் லிண்டாவுக்கு ஆயிரம் டாலர் அனுப்பச் செய்தவர். ஆனாலும் ஆப்பிரிக்காவிலிருந்து வரும் பாட்டு ஊரின் பாட்டாகத்தான் இருக்கும் என்ற நினைப்பு அவரிடமும் இருந்தது. ஊருக்குச் சொந்தமான பாட்டுக்கு ராயல்டி வாங்கும் ஆள் யார்? முத்திரையின் வசதி அங்கேதான். கூலிக்குப் பாடி, கம்பெனி விற்ற பாட்டு, கடல் தாண்டியதும் தொன்மமாகிவிட்டது.

ஜூலு மன்னன் ஷாக்கா சாகவில்லை, உறங்குகிறான் என்ற கதையும் பாட்டின் மேல் ஏற்றப்பட்டது. 1961இல் ‘டோக்கன்ஸ்’ குழுவுக்காக ஜார்ஜ் வைஸ் ஆங்கில வரிகள் எழுதியபோது சிங்கம் ஒரேயடியாகத் தூங்கப் போய்விட்டது. பதிவை நடத்திய ஹ்யூகோ பெரெட்டி, லூயிஜி கிரியேட்டோரே ஆகியோரின் பெயர்களும் ஆக்கியோர் வரிசையில் சேர்ந்தன. டிசம்பரில் பாட்டு அமெரிக்காவில் முதலிடம்.

இரண்டு தட்டுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் வைஸின் கெட்டிக்காரத்தனம் புரியும். லிண்டா இறுதியில் தொட்டுவிட்டுப் போன மெட்டை அவர் தொடக்கத்துக்குக் கொண்டுவந்து, அதன்மேல் சொற்களை வரிசையாக உட்காரவைத்தார். உழைப்பு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த மெட்டை எடுத்துவிட்டால் மிஞ்சுவது காடு, சிங்கம், தூக்கம் ஆகிய மூன்று சொற்களே. நம் பழைய பாட்டுப் புத்தகங்களில் பாடலுக்கு மேலே இன்ன பாட்டின் ‘வர்ணமெட்டு’ என்று அச்சிடும் வழக்கம் இருந்தது. காலணா வெளியீடுகள் காட்டிய அந்த நாணயத்தை நியூயார்க் காட்டவில்லை.

லிண்டா 1962இல் சிறுநீரகக் கோளாறால் இறந்தார். பல ஆண்டுகள் அவர் சமாதியில் ஒரு கல்கூட இல்லை.

குடும்பத்தைக் காப்பாற்றியது அரசியல் சீற்றமல்ல, காலனிக்காலச் சட்டத்தின் ஒரு மூலை. பிரிட்டிஷ் பேரரசின் 1911ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆக்கியோன் விற்ற உரிமை அவர் இறந்து 25 ஆண்டுகளுக்குப் பின் வாரிசுகளிடமே திரும்பிவிடும். அந்தக் கணக்கில் லிண்டாவின் பாட்டு 1987இலேயே அவர் குடும்பத்துக்கு வந்திருக்க வேண்டும். ரியான் மலான் 2000இல் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழில் எழுதிய நீண்ட கட்டுரை விவகாரத்தைக் கிளப்பியது. ஓவன் டீன் என்ற தென்னாப்பிரிக்க வழக்கறிஞர் இந்த விதியைப் பிடித்துக்கொண்டார். ‘தி லயன் கிங்’ படத்தில் பாட்டைப் பயன்படுத்திய டிஸ்னி நிறுவனத்தின் மீது 2004இல் வழக்கு. மிக்கி மவுஸ் உட்பட அந்நாட்டிலிருந்த அதன் வணிகச் சின்னங்களையே முடக்கிவைத்தார்கள். 2006இல் உடன்பாடு ஏற்பட்டது. லிண்டா இணை ஆக்கியோராக ஏற்கப்பட்டார். வாரிசுகளுக்காக ஓர் அறக்கட்டளை அமைந்தது.

இந்த வெற்றியிலும் ஒரு சிக்கல் உண்டு. முகமற்ற ‘மக்கள்’ என்ற புனைவை முறியடிக்க, தனியொரு ஆக்கியோன் என்ற இன்னொரு புனைவைச் சட்டம் கையிலெடுக்க வேண்டியிருந்தது. மெட்டு லிண்டாவுடையது, சந்தேகமில்லை. ஆனால் ‘விமோவே’ என்று பள்ளிப் பிள்ளைகள்வரை பாடும் அந்த அடிவரியைத் தட்டில் தாங்கி நிற்பவை மற்ற ‘ஈவனிங் பேர்ட்ஸ்’ பாடகர்களின் குரல்கள். அவை நிற்காமல் ஓடியதால்தான், மூன்றாவது தடவையில், மேலே இருந்தவருக்குப் புதிதாக ஒன்றைத் தேடிப் பார்க்க இடம் கிடைத்தது.