பதிவேட்டில் ஒரு வரி

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், பார்ட்ஸ்டவுன் என்னும் சிற்றூரைச் சுற்றியுள்ள பங்குகளின் பழைய திருமணப் பதிவேடுகளைப் புரட்டுவோர்க்கு ஒரு மயக்கம் ஏற்படும். மாட்டிங்லி, ஸ்பால்டிங், மட், ஹேடன், ஹேகன் எனச் சில குடும்பப் பெயர்களே மீண்டும் மீண்டும் வருகின்றன. அண்ணன் தம்பியர் இருவர் அக்காள் தங்கையர் இருவரை மணக்கின்றனர். அவர்தம் பேரப்பிள்ளைகள் மீண்டும் தமக்குள் மணக்கின்றனர். தன் முன்னோரைத் தேடி வருபவர், தந்தைவழியில் சென்று சேர்ந்த அதே பூட்டனைத் தாய்வழியிலும் சந்திக்கிறார்.

இதற்குக் காரணம் மேரிலாண்டில் இருக்கிறது. 1634இல் கத்தோலிக்கப் பிரபு ஒருவரின் குடியேற்றமாகத் தோன்றிய அந்நாட்டில், பின்னர் கத்தோலிக்கரே ஒடுக்கப்பட்டனர். பொது இடத்தில் திருப்பலி நிறைவேற்றுவதை 1704இல் சட்டம் தடுத்தது. 1718இல் வாக்குரிமையும் போயிற்று. வீட்டுச் சிற்றாலயங்களில் கூடி வழிபட்ட குடும்பங்கள் பெண் கொடுப்பதும் எடுப்பதும் அந்த வட்டத்திற்குள்ளேயே நிகழ்ந்தன. புகையிலை விளைந்து விளைந்து மண் சத்திழந்தபோது, அறுபது குடும்பங்கள் மேற்கே செல்ல உடன்படிக்கை செய்துகொண்டன என்பது வழிவழிச் செய்தி. 1785இல் பேசில் ஹேடன் தலைமையில் முதற்குழு பாட்டிஞ்சர் ஓடைக்கரையில் குடியேறியது. சேர்ந்து வாழ்ந்தால்தான் குரு ஒருவர் கிடைப்பார் என்பது அவர்கள் கணக்கு. கணக்குத் தவறவில்லை. அமெரிக்க ஐக்கிய நாட்டிலேயே குருப்பட்டம் பெற்ற முதல்வரான ஸ்தேபான் பதேன் அடிகள் 1793இல் அங்கு அனுப்பப்பட்டார். 1808இல் பார்ட்ஸ்டவுன் மறைமாவட்டமே ஆயிற்று.

நெருங்கிய உறவில் மணப்போர்க்குத் திருச்சபையின் விதிவிலக்கு வேண்டும். அக்காலச் சட்டம் நான்காம் படி வரை தடை விதித்திருந்தது. 'மூன்றாம் படி இரத்த உறவு, விலக்களிக்கப்பட்டது' என்று குருவானவர் எழுதிய ஒரு வரியைக் கண்டால் மணமக்களுக்குப் பூட்டன் ஒருவரே என்று அறியலாம். நான்காம் படியென்றால் ஓட்டன். 1850க்கு முந்தைய அரசுக் கணக்கெடுப்புகள் குடும்பத் தலைவரின் பெயரை மட்டுமே தருகின்றன. அவை சொல்லாத உறவை இந்த வரி சொல்லிவிடுகிறது. தடையாக வைத்த சட்டமே தடயமாகவும் அமைந்தது வியப்புத்தான்.

ஆனால் அக்குடும்பங்களோடு மேற்கே நடந்தவர்களில் வேறு சிலரும் இருந்தனர். அடிமைகள். அவர்களும் திருமுழுக்குப் பெற்றவர்களே. அவர்களின் திருமுழுக்குப் பதிவில் குழந்தையின் பெயர், தாயின் பெயர், அதன்பின் உரிமையாளரின் முழுப்பெயர். பல இடங்களில் அவ்வளவுதான். குடும்பப் பெயர் இல்லை. 1850, 1860ஆம் ஆண்டுகளின் அடிமைக் கணக்கெடுப்பிலும் வயதும் பாலும் நிறமும் உண்டு, பெயர் இல்லை. விடுதலை பெற்றோர் அனைவரையும் பெயர் சொல்லி எண்ணிய முதற்கணக்கு 1870இல்தான் எடுக்கப்பட்டது.

மேரிலாண்டு இயேசு சபையார் 1838இல் லூசியானா பண்ணையாளர்க்கு விற்க ஒப்பந்தம் செய்த 272 பேரின் பட்டியலில், பெயரும் வயதும் குடும்ப உறவும் எழுதப்பட்டிருந்தன. அதைக் கொண்டே இந்நூற்றாண்டில் அவர்தம் வழித்தோன்றல்கள் பலர் கண்டறியப்பட்டனர். அத்தகைய பட்டியல் கிட்டாதவர், 1870க்கு அப்பால் செல்ல வேண்டுமானால் உரிமையாளரின் வம்சத்தையே தேட வேண்டும். அவ்வீட்டு மகள் எங்கே வாழ்க்கைப்பட்டாள், சீதனமாக யாரை அழைத்துச் சென்றாள், தந்தையின் உயிலில் எந்த மகனுக்கு யார் எழுதிவைக்கப்பட்டனர் என்று பார்க்க வேண்டும். மாட்டிங்லியும் ஸ்பால்டிங்கும் சம்பந்தம் செய்த வழியேதான், பெயர் மட்டுமே எஞ்சிய தன் பாட்டியை அவர் பின்தொடர முடியும்.