மாமண்டூர்ப் பாறையில் ஒரு நாடகம்

நாடகம் வாழும் இடம் எது? ஏடு என்பர் சிலர்; மேடை என்பர் சிலர். மூன்றாவது இடம் ஒன்றும் உண்டு. அதுதான் பாறை.

வெம்பாக்கம் வட்டத்தில், காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி செல்லும் வழியில் மாமண்டூர் என்னும் ஊர் இருக்கிறது. ஏரியை அடுத்த குன்றில் பல்லவர் காலக் குடைவரைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் சிதைந்த வடமொழிக் கல்வெட்டு ஒன்று காணப்படுகிறது. அதில் 'மத்தவிலாசம்' என்ற நாடகத்தின் பெயர் வருகிறது. 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் எழுதிய நகைச்சுவை நாடகம் அது. கதை நடப்பது காஞ்சி நகரத் தெருவில். மண்டையோட்டுப் பாத்திரத்தை இழந்த காபாலிகன் ஒருவன், பௌத்தத் துறவியைத் திருடன் என்று பிடித்துக்கொள்கிறான். கடைசியில், கவ்விச் சென்றது நாய் என்று தெரிகிறது!

மன்னனின் நாடகம் இருக்கட்டும். அதன் பெயரைத் தாங்கி நிற்கும் கல்லின் கதை என்ன?

வட தமிழ்நாட்டுக் குன்றுகளில் நைஸ், சார்னோக்கைட் என்னும் பழம்பாறைகள் மிகுதி. கல்கத்தாவில் ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட், 1893-இல் அவர் பெயரையே அப்பாறை வகைக்குச் சூட்டினார். இவ்வகைப் பாறைகள் பல சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்குள் 20, 25 கிலோமீட்டர் ஆழத்தில் உருவானவை. அங்கே வெப்பம் 700 டிகிரி செல்சியசுக்கும் அதிகம். மேலேயுள்ள பாறையின் பளுவால் ஏற்படும் அழுத்தமோ, நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் 5,000 மடங்குக்கும் மேல். அத்தனை கனமான மேற்பகுதியை மழையும் காற்றும் ஆறும் மெல்ல மெல்ல அரித்துத் தள்ளிய பிறகே, அடியில் கிடந்த பாறை வெளிச்சத்துக்கு வந்தது. சிற்பியின் உளிக்கு முன்பே இயற்கையின் உளி வேலையைத் தொடங்கிவிட்டது.

இக்காலத்தை எப்படிக் கற்பனை செய்வது? இதே மாவட்டத்துப் புரிசை தெருக்கூத்துக்குப் பேர்போன ஊர். இரவு 10 மணிக்குத் தொடங்கி விடியற்காலை 6 மணிக்கு முடியும் கூத்து ஒன்றைப் பாறையின் வயதுக்கு ஈடாக வைத்துக்கொள்வோம். மகேந்திரவர்மன் காலம் முதல் இன்று வரையுள்ள 1,400 ஆண்டுகள் அக்கூத்தில் எவ்வளவு நேரம்? கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரு நொடியில் 60-இல் ஒரு பங்கு! கண் இமைக்கும் நேரம்கூட இல்லை.

ஆகவே மாமண்டூர்க் குன்றைக் கூரையில்லாத கண்காட்சி எனலாம். சுவரில் நாடகத்தின் வரலாறு. சுவராகவே நிற்பது பூமியின் வரலாறு. மாணவர்கள் குடைவரைக்கு எதிரே நின்று மத்தவிலாசத்தின் ஒரு காட்சியை நடித்து, பிறகு பாறையின் கதையையும் சொன்னால், இரண்டு பாடங்களும் மனத்தில் பதியும்.

ஒன்றை மறக்கக் கூடாது. ஓலையில் எழுதிய நாடகத்தைப் படியெடுத்துப் படியெடுத்துக் காத்தார்கள். அதனால்தான் 1917-இல் திருவனந்தபுரத்தில் த. கணபதி சாஸ்திரி அதை அச்சேற்ற முடிந்தது. கல்வெட்டுக்குத் தாளில் படியெடுக்கலாம். பாறைக்குப் படி ஏது? சுவரில் பெயர் கிறுக்கும் கைக்கும், குன்றுகளை ஜல்லியாக்கும் வெடிக்கும் ஒரு நொடி போதும். 250 கோடி ஆண்டுகள் செலவிட்டாலும் அதே பாறை திரும்ப வராது.